செந்தூரன் கட்-அவுட் வளர்ந்த கோடை

நல்லமாங்குடியில் கட்-அவுட் வளர ஆரம்பித்தபோது, ஐயோ பலகை வளர்கிறதே என்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. வளர்ந்தால் கரண்டுக் கம்பியில் இடிக்குமே, டவுன் பஸ்ஸை எந்தப் பக்கம் திருப்புவான், நிழல் யார் வீட்டு மேல் விழும் என்பதுதான் கவலையாக இருந்தது, ஏனென்றால் அது அப்படிப்பட்ட ஊர், வானத்திலிருந்து யானை விழுந்தால்கூட அதைக் கட்டிப்போட இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

வளர்ந்தது பூகம்ப நாயகன் செந்தூரனின் கட்-அவுட். வடிவுடையாள் டாக்கீஸ் வாசலில், 'எட்டாவது எரிமலை' படத்துக்காக, ஒரு தென்னை உயரத்துக்கு, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை நீட்டிய அரிவாளுமாகச் சவுக்குக் கம்பு கட்டி அதை நிறுத்தியவன் ஒச்சப்பன். யார் இந்த ஒச்சப்பன் என்றால், ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே செந்தூரன் ரசிகர் மன்றத்துக்குத் தலைவன், நெஞ்சில் செந்தூரன் முகத்தைப் பச்சை குத்தி, வயதாக வயதாக உடம்பு ஊதி அந்த முகமும் கூடவே கன்னம் பெருத்துப்போக, அதையும் சட்டைப் பொத்தானை அவிழ்த்து ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிகிறவன். கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எந்த வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் முதல் பாட்டு செந்தூரன் பாட்டுதான். பிணம் எடுக்கிற நேரத்தில் குத்துப்பாட்டு வேண்டாமய்யா என்று கெஞ்சிய வீட்டாரிடம், "தலைவர் பாட்டு, செத்தவருக்கே கால் ஆடும், சும்மா இருங்க" என்று சொன்ன மகராசன்.

படம் வந்த அன்று காலையில் ஏணியில் ஏறிக் குடம் குடமாகப் பால் ஊற்றினான், ரோஜா மாலை போட்டான், தேங்காய் உடைத்தான், மேளம் அதிர உள்ளே போனான். மத்தியானம் வெளியே வந்தபோது யாரோ ஒரு யூடியூப் சேனல்காரப் பெண் மைக்கை மூக்குக்கு நேரே நீட்டி, "அண்ணே, படம் எப்படிண்ணே?" என்றாள். உள்ளே என்ன நடந்தது என்று ஒச்சப்பனின் மனசுக்குத்தான் தெரியும். ஆனால் வாய் இருக்கிறதே, அது மன்றத்தின் சொத்து, அது அவன் மனசைக் கேட்டுக்கொண்டா திறக்கும்?

"மாஸ்! மரண மாஸ்! முதல் பாதி தீ, ரெண்டாம் பாதி எரிமலை! தலைவருக்கு மட்டும் வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது!"

பின்னால் கட்-அவுட் மடமடவென்று சத்தம் போட்டு மூன்று ஆள் உயரம் வளர்ந்தது. கழுத்து மாலை அறுந்து அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தது. காலையில் செந்தூரன் தோளைத் தொட்ட ஏணி இப்போது அவர் இடுப்பு பெல்ட்டைத்தான் தொட்டது. ஒச்சப்பன் நிமிர்ந்து பார்த்தான், மன்றத்துப் பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு, தலைவரே வளர்றாருடா என்று விசிலடித்தார்கள். ஒவ்வொரு பயலும் கேமராவைப் பார்த்து மாஸ், மாஸ் என்று கத்தக் கத்த அது ஏறிக்கொண்டே போய், சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் டாக்கீஸ் கட்டிடத்தையே முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டது.

ஊர் அதைச் சமாளித்த விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். மின்வாரியத்துக்காரர்கள் வந்து திட்டிக்கொண்டே கம்பியை இழுத்துச் செந்தூரனின் தொடைக்குப் பின்னால் கட்டினார்கள், டவுன் பஸ் அவர் இரண்டு காலுக்கும் நடுவில் நுழைந்து போக, கண்டக்டர் "கால் ஸ்டாப், கால் ஸ்டாப்" என்று கூவி ஆள் இறக்கினான், நகராட்சியிலிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்து இதற்கு மாடிக்கு வரி போடுவதா, ஆளுக்கு வரி போடுவதா என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார், காக்காய்கள் செந்தூரன் தலை விக்கில் கூடு கட்டின, காதலர்கள் கணுக்காலுக்குப் பின்னால் நின்று பேசினார்கள், பூக்காரி கட்டைவிரல் நிழலில் கடையைப் போட்டு மல்லிகை வாடவில்லை என்று செந்தூரனை வாழ்த்தினாள்.

வாழ்த்தாத ஒரே ஆள் ஒச்சப்பனின் சம்சாரம் பஞ்சவர்ணம். அவள் வடகம் போட்டு விற்கிறவள். வெங்காய வடகம், கூழ் வற்றல், அரிசி அப்பளம், எல்லாவற்றுக்கும் மொட்டை மாடிதான் தொழிற்சாலை, சித்திரை வெயில்தான் முதலாளி. அவர்கள் வீடு டாக்கீஸை ஒட்டி, கட்-அவுட்டின் முதுகுப் பக்கம். காலை வெயிலைச் செந்தூரனின் முதுகு மறைத்தது, உச்சி வெயிலை நீட்டிய கை மறைத்தது, சாயங்காலம் மிச்சமிருந்ததை அரிவாள் மறைத்தது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, அவள் மாடியில் மட்டும் கார்த்திகை மாதம். பிழிந்த வற்றல் பிழிந்தபடியே பாயில் ஈரமாகக் கிடந்து பூஞ்சை பூத்தது.

"ஏங்க, அந்தக் கையையாவது மடக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஏடி, தலைவர் கையை மடக்குன்னு நான் எப்படிச் சொல்றது? மன்றத்துல என்ன நினைப்பாங்க?"

"வருசம் பூரா சம்பாதிக்கிறதை இந்த ரெண்டு மாசத்துலதான் நான் காய வைக்கணும். கோடை போச்சுன்னா போச்சு. மன்றத்துல என்ன நினைப்பாங்கன்னு பாக்குறீங்களே, வீட்டுல ஒருத்தி என்ன நினைப்பான்னு ஒருநாளாச்சும் பாத்தீங்களா?"

ஒச்சப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். ஆம்பிளைகள் அதற்குத்தானே டீக்கடை வைத்திருக்கிறார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அந்த டீக்கடையில்தான். கடைக்காரர் செபஸ்தியான் பாலை ஆற்றிக்கொண்டே கட்-அவுட்டைப் பார்த்தபடி இருப்பவர். ஒருநாள் ரிடையர் ஆன வாத்தியார் தெய்வேந்திரன் வழக்கம்போல, "நம்ம ஆளுங்க எடுக்கிறதெல்லாம் படமாய்யா, நான் இப்பல்லாம் வசனமே இல்லாத வெளிநாட்டுப் படம்தான் பாக்குறேன், ஒரு மனுசன் ரெண்டு மணி நேரம் ஜன்னலைப் பாக்குறான், என்ன ஆழம், என்ன ஆழம்" என்று ஆரம்பித்தார். கட்-அவுட் மடமடவென்று ஏறியது. செபஸ்தியான் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சார், நெசத்தைச் சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்ச படம் எது?"

வாத்தியார் நெளிந்தார், செருமினார், சுற்றுமுற்றும் பார்த்தார். "பாம்புப் படம்" என்றார் மெதுவாக. "பாம்பு பழிவாங்குமே... அது. மகுடிச் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கும்."

கட்-அவுட் இரண்டு விரற்கடை இறங்கியது.

அவ்வளவுதான், ஊர் புரிந்துகொண்டது. எந்தப் படமோ, எந்த நடிகனோ, எந்தப் பாட்டோ, அதைப் பற்றிப் பொய் சொன்னால் ஏறும், மனசில் இருப்பதைச் சொன்னால் இறங்கும். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. பஸ் ஏன் லேட் என்றே கேட்காத ஊர் இதையா கேட்கப்போகிறது?

முதலில் கிளம்பியவன் சோலைராசு. பஞ்சவர்ணத்தின் உடன்பிறந்த அண்ணன், ஒச்சப்பனுக்கு மச்சான், அதைவிட முக்கியம், எதிரி நடிகர் இளந்திரையனின் ரசிகர் மன்றத் தலைவன். இத்தனை வருஷமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு படமும் ஒன்றாக வந்தால் அந்த இரண்டு வீட்டுக்கும் பலகாரப் போக்குவரத்து நின்றுபோகும். சோலைராசு தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து கட்-அவுட் காலடியில் நின்று, "எட்டாவது எரிமலை ஒரு குப்பை!" என்று கோஷம் போட்டான். உண்மையைச் சொன்னால் இறங்கும் அல்லவா, இறங்கட்டும் என்று பார்த்தால், அது ஜிவ்வென்று ஏறியது.

"யோவ், நீங்க படத்தைப் பாத்தீங்களாய்யா?" என்றார் செபஸ்தியான்.

"அந்தக் கருமத்தை நாங்க ஏன் பாக்கணும்?"

"பாக்காம குப்பைன்னா அதுவும் பொய்தானய்யா."

விதியைப் பாருங்கள், இளந்திரையன் ரசிகர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, செந்தூரன் படத்தை உட்கார்ந்து பார்த்தார்கள். காற்று வாங்கிக்கொண்டிருந்த டாக்கீஸ் ஹவுஸ்ஃபுல் ஆனது. வெளியே வந்து ஒவ்வொருவனாகக் குப்பை, குப்பை என்று மனசார வைய, ஒவ்வொரு வசவுக்கும் கட்-அவுட் விரல் விரலாக இறங்க, ஒரே ஒருத்தன் குப்பை என்றபோது மட்டும் ஏறியது. அவனைப் பிடித்து உலுக்கியதில், இன்டர்வல் சண்டை நல்லா இருந்துச்சுண்ணே என்று அழுதுவிட்டான். இவர்கள் இப்படிக் கஷ்டப்பட்டு இறக்கியதையெல்லாம் டாக்கீஸ் முதலாளி ஒரே போஸ்டரில் கெடுத்தார்: தாய்மார்களின் பேராதரவுடன் வெற்றிநடை என்று ஒட்டினார். ஒட்டிய பசை காய்வதற்குள் செந்தூரனின் தலை மேகத்தில் மறைந்தது.

பிறகு ஊரே களத்தில் இறங்கியது. சந்தைக்கு வருகிறவர்கள் காய் வாங்கும் முன் கட்-அவுட் காலடியில் நின்று மனசில் உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சங்கீதம் என்றால் கச்சேரிதான் என்று கழுத்தைச் சாய்த்துத் திரிந்த பாட்டு டீச்சர், கதவைச் சாத்திக்கொண்டு தான் ஆடுகிற குத்துப்பாட்டை அடவோடு ஆடிக் காட்டினாள். கண்ணீர்ப் படமே பிடிக்காது என்று சொல்லி வந்த சப்-இன்ஸ்பெக்டர், கதாநாயகி கண்ணில் தூசு விழுந்தாலே தனக்குத் தொண்டை அடைக்கும் என்றார். காமெடியனைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன், கதாநாயகன் மூஞ்சி எனக்கு ஆகாது என்றாள் பூக்காரி. சொல்லச் சொல்ல ஊருக்கே மலச்சிக்கல் தீர்ந்த மாதிரி ஒரு நிம்மதி. கட்-அவுட்டும் இறங்கித் தோள் தெரிந்தது, கழுத்து தெரிந்தது.

ஆனால் தினமும் காலையில் ஒச்சப்பன் டீக்கடைக்கு வருவான். வந்து, "என்ன இருந்தாலும் தலைவர் படம் தலைவர் படம்தான், மாஸ்" என்பான். ஊர் ஒரு நாள் முழுக்க இறக்கியதெல்லாம் அந்த ஒரு வாய்க்கு மறுபடி ஏறிவிடும். மற்றவன் பொய் விரற்கடை என்றால் ஒச்சப்பன் பொய் பனை மரம். அத்தனை வருஷத்துப் பொய், கெட்டிப்பட்டுக் கிடந்தது.

"மாப்ளே, வாயை மூடிக்கிட்டாவது இருய்யா" என்றான் சோலைராசு.

"மூடினா உங்காளு ஜெயிச்சான்னு அர்த்தம் ஆயிரும் மச்சான்."

"யோவ், உன் பொண்டாட்டி மாடியில வெயில் இல்லய்யா!"

"அது எங்க குடும்ப விசயம்."

குடும்பம் அன்றைக்கே முடிவு எடுத்தது. பஞ்சவர்ணம் பாய்களைச் சுருட்டினாள், உரலை ஓரமாக வைத்தாள், பிழி அச்சையும் மாவுச் சட்டியையும் சாக்கில் கட்டினாள். எங்கே என்று ஒச்சப்பன் கேட்டான்.

"எங்கண்ணன் வீட்டுக்கு. அங்க மாடியில வெயில் அடிக்குது."

"அங்கயா? அந்த மாடியில இளந்திரையன் கொடி பறக்குதுடி!"

"பறக்கட்டும். கொடி நிழல்ல எத்தனை வடகம் நனையப்போகுது?" சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "நான் கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு நினைக்காதீங்க. கோவிச்சுக்கிட்டுப் போனா நாலு நாள்ல திரும்பி வருவேன். இது அப்படி இல்ல. பொய்யைச் சொல்லிச் சொல்லி என் தலைக்கு மேல ஒருத்தனை நிறுத்திட்டீங்க. அவன் இருக்கட்டும், நான் போறேன். வண்டி சந்தை கலையிற நேரத்துக்கு வரும்."

அவளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒச்சப்பன் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான், அவனால் முழு நிமிஷம் நினைக்க முடியவில்லை. நேரே கடைக்குப் போய் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினான், குழாய் ஸ்பீக்கரை டாக்கீஸ் சுவரில் கட்டினான், மைக்கைத் தட்டினான். சந்தைக் கூட்டம் அப்படியே நின்றது. மன்றத்துப் பையன்கள் ஒச்சப்பண்ணன் பேசப்போறாருன்னு கொடியோடு ஓடி வந்தார்கள்.

"வணக்கம்" என்றான் ஒச்சப்பன். "படத்துல... அந்த ரெண்டாவது பாட்டு... கொஞ்சம் இழுவை."

மேலே எங்கோ பலகை கிறீச்சிட்டது. கட்-அவுட் ஒரு முழம் இறங்கியது.

"இழுவை இல்லய்யா, அது பாட்டே இல்ல. டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின சத்தம். நான் மைக் செட்காரன், என் ஸ்பீக்கர் அதைப் பாட மாட்டேன்னு கரகரங்குது." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒச்சப்பனுக்கு வாய் கொஞ்சம் லேசானது. "தலைவருக்கு ஆட முடியல. முட்டி வலிக்குது அந்த மனுசனுக்கு, மூஞ்சில தெரியுது. எண்ணெய் தேய்ச்சு உக்கார வேண்டிய ஆளைப் பேத்தி வயசுப் பிள்ளையோட பனிமலையில சட்டையில்லாம ஓட விட்டுருக்கான். நான் சிங்கம்டான்னு அவர் சொல்றப்பல்லாம் பின்னாடி நெசமாவே சிங்கத்தைக் காட்டுறான். ஏன், எங்களுக்குச் சிங்கம்னா என்னன்னு தெரியாதா? ரெண்டாம் பாதி எரிமலைன்னு சொன்னேன்ல, ரெண்டாம் பாதியை நான் பாக்கவே இல்ல. தூங்கிட்டேன். நின்னுக்கிட்டே தூங்கினேன். கையில சூடம் எரியுது, நான் தூங்குறேன்!"

"துரோகி!" என்று ஒரு பையன் கொடிக்கம்பை ஓங்கினான். ஆனால் கட்-அவுட் சடசடவென்று இறங்குவதைப் பார்த்ததும், அது பொய் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கம்பைக் கீழே இறக்கினான். மேகத்திலிருந்து முகம் வந்தது, காக்காய்க் கூடு வந்தது, அரிவாள் பஞ்சவர்ணத்தின் மாடியை உரசிக்கொண்டு கீழே வந்தது.

"அதுக்கு முந்தின படமும் மட்டம். அதுக்கும் முந்தினது மகா மட்டம். அவரு நடிச்சதுல எனக்குக் கடைசியாப் பிடிச்சது எதுன்னு சொல்லட்டுமா? லாரி கிளீனரா வந்தாரே, அது. சண்டை இல்ல, சவடால் இல்ல. தங்கச்சிக்குச் சேலை எடுக்கணும், ஏசி போட்ட கடைக்குள்ள போகக் கூச்சப்பட்டு, கையில செருப்பைக் கழட்டி வச்சுக்கிட்டு வாசல்லயே நிப்பாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அது நடிப்பு." ஒச்சப்பனின் குரல் உடைந்தது, ஸ்பீக்கர் அதையும் சேர்த்து ஊருக்குச் சொன்னது. "தலைவரை அழ வச்சுட்டான்னு மன்றமே அந்த டைரக்டருக்குக் கொடும்பாவி கொளுத்துச்சு. நானும் நின்னு கொளுத்தினேன். ஒரு வாரத்துல படத்தைத் தூக்கிட்டாங்க. அப்புறம் அந்த மனுசன் அழுது நடிக்கவே இல்ல. எவ்வளவு பெரிய நடிகன் தெரியுமாய்யா அவன்? நாமதான்யா அவனைப் பலகையாக்கிட்டோம்."

யாரும் விசிலடிக்கவில்லை. கட்-அவுட் டாக்கீஸ் உயரத்துக்கு வந்து, தென்னை உயரத்துக்கு வந்து, நின்றது. இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. ஒச்சப்பன் மச்சானைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

"இளந்திரையன் படம் மூணு தடவை தேனிக்குப் போய்ப் பாத்தேன். தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. ஸ்பீக்கர் சரியா இருக்கான்னு சோதிக்க நான் போடுறதும் அவன் பாட்டுதான். குரல் அப்படியே தேன் மாதிரி இறங்கும்."

சோலைராசு கைதட்டிச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாய் என்னவோ அப்படியே நின்றுவிட்டது. "மாப்ளே" என்று மட்டும் சொன்னான். கட்-அவுட் ஆள் உயரத்துக்கு இறங்கி, இடுப்பளவுக்கு இறங்கி, கடைசியில் சின்னக் குழந்தை உயரத்துக்கு வந்து, அரிவாளை நீட்டியபடி ஒச்சப்பன் காலடியில் நின்றது. அத்தனை நாளாகத் தடைபட்டிருந்த வெயில் பஞ்சவர்ணத்தின் மாடியில் தொப்பென்று விழுந்தது.

மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அவள் வந்து நின்றாள். தலையில் சாக்கு. கீழே தெருவில் வண்டிக்காரன் காத்திருந்தான். வெயில் பட்டு அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒச்சப்பனையே பார்த்தாள். ஒச்சப்பன் மைக்கைப் பிடித்தபடி, ஏதாவது சொல் தாயே என்பது போல நின்றான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்க" என்றாள். "அப்ப, என் குழம்பு?"

சந்தை மொத்தமும் திரும்பி அந்தச் சின்ன செந்தூரனைப் பார்த்தது. ஒச்சப்பனும் பழக்கதோஷத்தில் அதைத்தான் பார்த்தான். அது அசையவில்லை; அதற்குத் தெரிந்தது சினிமா மட்டும். குழம்பைப் பற்றி என்ன சொன்னாலும் ஏறாது, இறங்காது, அருமை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காட்டிக்கொடுக்க ஒரு நாதியில்லை. ஒச்சப்பன் மைக்கை ஆஃப் செய்து கீழே வைத்தான், ஊருக்குக் கேட்க வேண்டாம் என்று வெறும் வாயால் சொன்னான்.

"உப்பு கூட. ரொம்பக் கூட. கல்யாணம் ஆன நாள்லருந்தே."

பஞ்சவர்ணம் சாக்கை இறக்கி வைத்தாள். வண்டிக்காரனைப் போகச்சொல்லிக் கையைக் காட்டினாள்.

"தெரியும்" என்றாள். "நீங்க என்னைக்கு வாயைத் திறக்கிறீங்கன்னு பாக்கத்தான் வருசாவருசம் ஒரு சிட்டிகை கூட்டிக்கிட்டே வந்தேன்."